முப்பது கிராம் சர்க்கரை



தாவரத் திசு வளர்ப்புக் கூடம் ஒன்றினுள் நீங்கள் எப்போதாவது நுழைந்திருந்தால், அங்கே தராசுக்குப் பக்கத்தில், இரசாயனப் புட்டிகளின் வரிசையினின்றும் சற்றே விலகி, மற்ற எல்லாவற்றையும்விடப் பெரியதாகவும் மற்ற எல்லாவற்றையும்விட விரைவில் தீர்ந்துபோவதாகவும் ஒரு புட்டி இருப்பதைக் கவனித்திருப்பீர்கள். அதில் இருப்பது சர்க்கரை. திசு வளர்வதற்கான ஒரு லிட்டர் ஊடகத்திற்கு மில்லிகிராம் கணக்கில் வைட்டமின்களையும், சில வேளைகளில் அதிலும் குறைந்த அளவில் ஹார்மோன்களையும், மூச்சை அடக்கிக்கொண்டு நிறுத்துப் போடுகிற அதே மாணவன், இந்தப் புட்டிக்கு வந்ததும் பெரிய கரண்டி ஒன்றை எடுத்து, 30 கிராம் அள்ளிப் போட்டுக் கலக்கிவிட்டு, அதைப் பற்றி மறுபடியும் ஒரு கணமேனும் நினையாமல் அடுத்த காரியத்திற்குப் போய்விடுகிறான். நானும் பல ஆண்டுகள் அப்படியே செய்தவன். அந்த 30 கிராம் எங்கிருந்து வந்தது, எந்தச் செடிக்காக நிர்ணயிக்கப்பட்டது, தக்காளியின் விஷயத்தில் அது எந்த அளவுக்கு ஆகாரமாகிறது, எந்த அளவுக்கு மேல் பாரமாகிறது, அதற்கும் அப்பால் செடியின் உட்புறத்தில் அது எவ்வாறு ஒரு செய்தியாகவே வாசிக்கப்படுகிறது என்பவற்றை இன்று மாலை உங்கள் முன் விரித்துரைக்க விரும்புகிறேன்.

திசு வளர்ப்பு என்றவுடன் நம் நாட்டு விவசாயிக்கு நினைவுக்கு வருவது வாழைக்கன்று. தக்காளியோ விதையினால் எளிதில் பெருகுவது. நாற்றங்காலில் ஒரு பிடி விதையைத் தூவினால் சில வாரங்களில் ஒரு வயலுக்கு வேண்டிய நாற்றுக் கிடைத்துவிடுகிற செடியைக் கண்ணாடிக் குப்பிக்குள் வளர்த்துப் பெருக்க வேண்டிய அவசியம் நாற்று வியாபாரம் செய்வோருக்கு நேர்வதில்லை. ஆயினும், உடலினின்றும் வெட்டியெடுத்த ஒரு தாவர உறுப்பு எல்லையின்றி வளர்ந்துகொண்டே போகக்கூடும் என்பதை உலகுக்கு முதன்முதலில் மெய்ப்பித்துக் காட்டியது தக்காளியின் வேர்தான். அதன் பிறகும், தாவரங்களின் சர்க்கரைப் போஷணையைப் பற்றி நாம் அறிந்தவற்றுள் கணிசமான பகுதியை இந்தச் செடியே நமக்குக் கற்பித்திருக்கிறது.

பெயர்களைப் பற்றி ஒரு வார்த்தை. தக்காளி என்பது நம்மிடையே முன்பு வேறு செடிகளுக்கு உரிய பெயராயிருந்தது. மணத்தக்காளி என்னும் சொல்லில் அந்தப் பழைய பொருள் இன்றும் நிலைத்திருக்கிறது. தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் மலைப் பிரதேசத்தைத் தாயகமாகக் கொண்டு, கடல் கடந்து வந்து சேர்ந்த பழத்தை நம் பாட்டிமார் சீமைத்தக்காளி என்று பிரித்துச் சொன்னார்கள். சர்க்கரையின் பயணம் எதிர்த் திசையில் நிகழ்ந்தது. பருமணல் என்றும் சிறு கல் என்றும் பொருள்படும் சர்க்கரா என்ற வடசொல், பாரசீகத்தையும் அரபு நாட்டையும் கடந்து ஐரோப்பிய மொழிகளுள் புகுந்தது. கரும்புச் சர்க்கரைக்கு இரசாயன நூல்கள் வழங்கும் சுக்ரோஸ் என்னும் பெயரும் அவ்வழி வந்ததே. குப்பிக்குள் சந்திக்கும் இவ்விரண்டும் அங்கே வந்து சேர்ந்த வழிகளை எண்ணும்போதெல்லாம் எனக்கு ஓர் ஆச்சரியம் உண்டாகிறது.

இனி விஷயத்துக்கு வருவோம். பச்சையம் உடைய செடி, காற்றிலுள்ள கரியமில வாயுவையும் மண்ணிலுள்ள நீரையும் கொண்டு சூரிய ஒளியின் துணையால் தன் சர்க்கரையைத் தானே ஆக்கிக்கொள்கிறது என்பதைப் பள்ளிப் பிள்ளைகளும் அறிவார்கள். அவ்வாறிருக்க அதற்கு நாம் ஏன் சர்க்கரை ஊட்ட வேண்டும்? செடி என்று பொதுவாகச் சொல்வதால் எழும் மயக்கம் இது. சர்க்கரையை ஆக்குவது இலை. தக்காளியில் அந்த இலை தன் ஆக்கத்தைப் பெரும்பாலும் சுக்ரோஸ் வடிவில் புளோயம் என்னும் உணவுக் குழாய்களின் வழியே கீழும் மேலும் அனுப்ப, இருளில் கிடக்கும் வேரும், சூலகத்தில் உறங்கும் கருவும், நுனியில் துளிர்க்கும் குருத்தும் அந்த வரவை நம்பியே ஜீவிக்கின்றன. கத்தியை வைத்து ஒரு வேர்நுனியை அறுத்தெடுக்கும்போது நாம் அறுப்பது வேரை மாத்திரமன்று. இலையினின்றும் அதற்கு வந்துகொண்டிருந்த உணவுப் பெருக்கையும் சேர்த்தே அறுக்கிறோம். குப்பியில் இடும் சர்க்கரை, அங்கே இல்லாத இலைக்குப் பதிலாக நிற்பது.

இந்த உண்மையை ஆஸ்திரிய நாட்டுத் தாவர சாஸ்திரியான ஹேபர்லாண்ட் தம் பரிசோதனைகளிலேயே உணர்ந்திருந்தார். 1902ஆம் ஆண்டில் அவர் வெளியிட்ட ஆராய்ச்சியில், இலைகளினின்றும் தனித்தனியே பிரித்தெடுத்த உயிரணுக்களையும், நம் ஏரி குளங்களை அடைத்துக்கொண்டிருக்கும் ஆகாயத்தாமரையின் காம்பிலிருந்து எடுத்த உயிரணுக்களையும், லவணங்களும் சர்க்கரையும் கரைந்த திரவத்தில் இட்டு வளர்க்க முயன்றார். அவை ஒரு மாத காலம்வரை உயிரோடிருந்தன; பருத்தன; சிலவற்றில் மாவுப்பொருளும் சேர்ந்தது. ஆனால் ஒன்றுகூட இரண்டாகப் பிரியவில்லை. உயிரைத் தாங்கச் சர்க்கரை போதுமானது, பெருகுவதற்கு வேறு சிலவும் வேண்டும் என்பதே அந்த முயற்சி விட்டுச்சென்ற பாடம்.

அந்த வேறு சிலவற்றைத் தேடிக் கண்டவர்களுள் முதன்மையானவர் அமெரிக்காவில் பிரின்ஸ்டன் நகரத்து ராக்பெல்லர் ஆராய்ச்சி நிலையத்தில் பணிபுரிந்த ஃபிலிப் ஒயிட். 'பான்னி பெஸ்ட்' என்ற வகைத் தக்காளியின் வேர்நுனியை அவர் எடுத்துக்கொண்டார். சில லவணங்கள், நூற்றுக்கு 2 பங்கு சுக்ரோஸ், ஈஸ்ட்டிலிருந்து எடுத்த சாறு சிறிதளவு. இவ்வளவே அவர் சமைத்த திரவம். அதில் இட்ட வேர் நீண்டது, கிளைத்தது. வாரத்திற்கு ஒருமுறை அதன் நுனிகளை வெட்டிப் புதுத் திரவத்திற்கு மாற்ற, அவையும் நீண்டன, கிளைத்தன. இலையும் தண்டும் அற்ற, ஒளியையும் வேண்டாத, வேர் மாத்திரமேயான ஒரு ஜீவன். வாரந்தோறும் பிரித்தெடுக்க வளம் குறையாத ஒரு ஜீவன்! 1934ஆம் ஆண்டில் இதை அவர் வெளியிட்டபோது, எல்லையற்று வளரவல்லது என்ற சொற்றொடரை மிகுந்த நிதானத்தோடுதான் பிரயோகித்தார். ஆனால் அந்த வேர்கள் பல ஆண்டுகள் வளர்ந்துகொண்டே இருந்து அவர் கூற்றை மெய்ப்பித்தன. ஈஸ்ட்டுச் சாற்றினுள் மறைந்திருந்த அவசியப் பொருள் தயாமின் என்னும் வைட்டமின் என்பதும் 1937இல் தெளிவாயிற்று. பிறகு எஞ்சியது, பெயர் தெரியாத பொருள் ஒன்றும் கலவாத, ஒவ்வொரு துகளும் கணக்கில் அடங்கிய திரவம்.

இதே வேர்களைக் கொண்டு ஒயிட் செய்த மற்றொரு பரிசோதனையை இங்கே சொல்லாமல் செல்ல மனம் வரவில்லை. வேரின் வெட்டுவாயில் நுண்ணிய அழுத்தமானியைப் பொருத்தி, அது தானாகவே நீரை எவ்வளவு விசையோடு மேலே தள்ளுகிறது என்று அளந்தபோது, காற்று மண்டலத்தின் அழுத்தத்தைப்போல் 6 மடங்குக்கும் மேற்பட்ட விசை காணப்பட்டது என்று 1938இல் அவர் எழுதினார். அந்த வேருக்கு இலை இல்லை, கதிரவன் இல்லை. அந்த விசைக்கு வேண்டிய சக்தி முழுவதும் குப்பியிலிருந்த கரும்புச் சர்க்கரையிலிருந்து வந்தது.

இனித்தான் சுவாரசியமான சிக்கல் தொடங்குகிறது. சுக்ரோஸ் என்பது இரட்டைச் சர்க்கரை; திராட்சைச் சர்க்கரையாகிய குளுக்கோஸ் ஒன்றும் பழச் சர்க்கரையாகிய ஃபிரக்டோஸ் ஒன்றும் கைகோத்து நிற்பது. உயிரணு சக்தி பெற வேண்டுமானால் எப்படியும் அந்தக் கைகளைப் பிரித்துத்தான் ஆக வேண்டும். ஆகவே முன்னதாகவே பிரிந்து நிற்கும் குளுக்கோஸைக் கொடுத்தால் வேருக்கு ஒரு வேலை மிச்சமாகும், அது இன்னும் செழிப்பாக வளரும் என்று நாம் ஊகிப்பது இயற்கை. ஒயிட் 1940இல் இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்தார். வேர் அந்த ஊகத்தை ஏற்கவில்லை. 1949இல் இங்கிலாந்தில் டார்மர், ஸ்ட்ரீட் என்னும் இருவர் இதை இன்னும் விரிவாக ஆராய்ந்து, தக்காளி வேருக்குச் சுக்ரோஸைப்போல் உகந்த சர்க்கரை வேறில்லை என்றும், தனிக் குளுக்கோஸில் வளர்ச்சி மிகவும் பின்தங்கிவிடுகிறது என்றும் கண்டார்கள். புல்லினத்து வேர்கள் சில குளுக்கோஸிலேயே நன்றாக வளர்கின்றன என்பதையும் சேர்த்து நினைத்தால் சிக்கல் இறுகுகிறது.

இதற்கு ஸ்ட்ரீட்டும் அவருடைய மாணாக்கர்களும் கூறிய விளக்கம், வேரின் மேற்பரப்பில் சுக்ரோஸை முழு உருவோடு உள்வாங்குவதற்கென்றே தனியான ஏற்பாடு ஒன்று இருக்க வேண்டும் என்பது. அவர்கள் கற்பித்த இரசாயன வழி பிற்காலத்தில் அப்படியே நிலைபெறவில்லை என்றாலும், சுக்ரோஸைப் பிரிக்காமலே உயிரணுச் சவ்வின் ஊடே ஏற்றிச் செல்லும் புரதங்கள் தாவரங்களில் உண்டு என்பது பின்னர் மெய்யாகவே நிலைநாட்டப்பட்டது. தக்காளியிலும் அவை கண்டறியப்பட்டிருக்கின்றன. வேர் தன் வாழ்நாள் முழுவதும் இலையினிடமிருந்து பெற்றுப் பழகியது சுக்ரோஸ். நாம் குப்பியில் இடும்போதும் பழகிய உருவிலேயே அதைக் கேட்கிறது என்று சொல்ல எனக்குத் தோன்றுகிறது. இது அபிப்பிராயமே தவிரப் பிரமாணம் அன்று என்பதையும் உடனே சொல்லிவிட வேண்டும்.

அதே ஆராய்ச்சியாளர்கள் 1950களின் பிற்பகுதியில் இன்னும் விசித்திரமான ஒன்றைக் கண்டார்கள். காலக்டோஸ், மானோஸ் என்னும் இரண்டு சர்க்கரைகள் அணுக்களின் எண்ணிக்கையில் குளுக்கோஸுக்குச் சற்றும் வேறுபடாதவை. ஓரிரு கைகள் திரும்பியிருக்கும் பாங்கு ஒன்றே வித்தியாசம். இவற்றைச் சிறிதளவு சேர்த்தாலும் தக்காளி வேர் வளராமல் நின்றுவிடுகிறது. இனிப்பே விஷமாகிறது. அதனினும் வியப்பு, அந்தத் திரவத்திலேயே குளுக்கோஸையோ ஸைலோஸ் என்னும் மற்றொரு சர்க்கரையையோ உடன் சேர்த்தால் அந்த விஷம் முறிந்து வேர் மறுபடியும் வளரத் தொடங்குகிறது. மானோஸ் உள்ளே புகுந்ததும் ஒரு பாஸ்பேட்டைப் பற்றிக்கொண்டு, அதற்கப்பால் செல்ல வழியின்றித் தேங்கிப்போகிறது. உயிரணுவுக்கு வேண்டிய பாஸ்பேட்டும் அதனோடு சிறைப்பட்டுப்போகிறது. இந்தத் தேக்கத்தை நீக்கும் நொதி ஒன்று நம் குடலில் வாழும் ஒரு பாக்டீரியத்திடம் இருக்கிறது. அதன் மரபணுவைப் பெற்ற தக்காளி உயிரணு மானோஸையே உணவாகக் கொண்டு பிழைக்கிறது. பெறாதது பட்டினியால் வாடுகிறது. மரபணு மாற்றம் பெற்ற அணுக்களைப் பெறாதவற்றிலிருந்து பிரித்தெடுக்க, மருந்து எதிர்ப்பு மரபணுக்களைச் சாராமல் இந்தச் சர்க்கரையையே சல்லடையாகப் பயன்படுத்தும் முறை தக்காளியிலும் கையாளப்பட்டிருக்கிறது. ஒரு விஷத்தின் காரணத்தை அறியும் ஆவலால் மாத்திரம் தொடங்கிய ஆராய்ச்சி, அறையின் மறுகோடியில் இருந்த வேறொரு கதவைத் திறந்துவிட்டது.

வேரைவிட்டுக் கருவுக்கு வருகிறேன். விதைக்குள் இருக்கும் கருவுக்குத் தாய்ச்செடி முளைசூழ்தசை என்னும் கட்டுச்சோற்றைக் கட்டிக்கொடுக்கிறது. தூரத்து உறவினங்களைக் கலப்புச் செய்யும்போது கரு உண்டாகிவிடுகிறது, கட்டுச்சோறு கெட்டுவிடுகிறது. ஆதலால் கரு பசியால் மடிகிறது. நாம் பயிரிடும் தக்காளிக்கும், பெரு நாட்டைத் தாயகமாகக் கொண்ட பெருவியானம் என்னும் காட்டு இனத்திற்கும் இடையே இருந்த தடை இத்தகையதே. அந்தக் காட்டுச் செடியின் வேரை முடிச்சுப் புழு தீண்டாது. நம் ஊர்த் தோட்டங்களிலும் தக்காளிச் செடியைப் பிடுங்கிப் பார்த்தால் வேரெல்லாம் கழலைக் கட்டிகளாய்த் தொங்குமே, அந்த நோயை உண்டாக்கும் நூற்புழு அது. 1944ஆம் ஆண்டில் கலிபோர்னியாவில் பால் ஸ்மித் என்பவர், கலப்பினக் கருவை அது மடிவதற்கு முன்னரே காயினின்றும் பிரித்தெடுத்துச் செயற்கை ஊடகத்தில் இட்டு, ஒரு செடியைப் பிழைக்க வைத்தார். அந்த ஒரு செடியின் வழியாகத்தான் 'மி' என்னும் எதிர்ப்பு மரபணு பயிர்த் தக்காளிக்குள் வந்தது. நூற்புழுவை எதிர்க்கும் தக்காளி வகைகள் பெரும்பாலும் அந்தக் கொடையையே இன்றளவும் நம்பியிருக்கின்றன. மண்ணின் உஷ்ணம் 28 பாகைக்கு மேற்சென்றால் அந்தக் காப்பு தளர்ந்துவிடும் என்ற குறை நம்மைப் போன்ற வெப்ப நாட்டாருக்கு முக்கியமானது. ஆயினும் கொடை பெரிதுதான். அந்தக் கரு மண்ணைக் காணுமுன் உண்ட சோறு குப்பியிலிருந்த சர்க்கரை என்பதை மாணவர்கள் மனத்தில் இருத்த வேண்டும்.

எவ்வளவு சர்க்கரை என்ற கேள்வியும் இங்கேதான் முதன்முதலாகக் கூர்மை பெறுகிறது. தக்காளியின் நெருங்கிய உறவாகிய ஊமத்தையின் கருக்களைக் கொண்டு 1950களில் செய்த ஆராய்ச்சிகள், மிக இளங்கருவுக்கு நூற்றுக்கு 8 பங்கு அளவிலான அடர்ந்த சர்க்கரை வேண்டியிருப்பதையும், கரு முதிர முதிர அந்தத் தேவை படிப்படியாகக் குறைந்து, முற்றிய கரு சர்க்கரையே இல்லாத ஊடகத்திலும் வளர்ந்துவிடுவதையும் காட்டின. பசி அதிகம் என்பதால் மாத்திரம் இளங்கரு அவ்வளவு கேட்கவில்லை. அடர்ந்த கரைசலின் நடுவே இருக்கும்போது அதன் உயிரணுக்களுள் நீர் மிகுதியாகப் பாய்ந்து அகாலத்தில் முளைத்துவிடாமல் தடுக்கப்படுகின்றன. ஆகவே சர்க்கரை அங்கே சோறாகவும் இருக்கிறது, தொட்டிலாகவும் இருக்கிறது. நிட்ச் என்னும் ஆராய்ச்சியாளர் 1951இல், மகரந்தச் சேர்க்கை பெற்ற தக்காளிப் பூவின் சூலகத்தை மட்டும் எடுத்துச் சர்க்கரை கலந்த ஊடகத்தில் வைத்துக் காயாக்கி, அது சிவந்து பழுப்பதையும் கண்டார். பழம் சிறியதுதான், ஆயினும் செடியில்லாமல் பழுத்த பழம்!

இப்போது 30 கிராமுக்கு வருவோம். ஒயிட்டின் திரவத்தில் லிட்டருக்கு 20 கிராம். சோயா வேரின் அணுக்களுக்காகக் காம்போர்க்கும் அவர் துணைவரும் 1968இல் வகுத்த ஊடகத்திலும் 20 கிராம். 30 கிராம் என்பது அமெரிக்காவில் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த முராஷிகே, ஸ்கூக் இருவரும் 1962இல் வெளியிட்ட ஊடகத்தின் அளவு. அந்த ஊடகம் இந்நூற்றாண்டிலும் உலகெங்கும் அரசோச்சுகிறது. அதன் பெருமையைக் குறைத்துப் பேச எனக்கு உரிமையுமில்லை, விருப்பமுமில்லை. ஆனால் அது எதற்காக ஆக்கப்பட்டது என்பதை நாம் மறந்துவிட்டோம். அவர்களுடைய செடி புகையிலை. அவர்கள் வளர்த்தது இலையும் வேருமற்ற கேலஸ் என்னும் அணுத்திரள். அவர்கள் நோக்கம் அத்திரளைக் கூடியவரை வேகமாகப் பெருக்கச் செய்து, ஹார்மோன்களின் வலிமையை அதைக்கொண்டு அளவிடுவது. தனக்கென்று ஓர் இலையும் இல்லாத அந்தத் திரளுக்கு உகந்த அளவை, பச்சை இலையோடு நிற்கும் தக்காளிக் கன்றுக்கும் நாம் கேளாமலே ஊட்டிக்கொண்டிருக்கிறோம்.

அந்த அளவின் பாரம் எவ்வளவு என்பதைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். லிட்டருக்கு 30 கிராம் சுக்ரோஸ் கரைந்த நீர், அந்தச் சர்க்கரையின் பொருட்டு மாத்திரம், சுமார் 2 காற்றுமண்டல அளவுக்குச் சமமான விசையோடு நீரைத் தன்பால் பிடித்து வைத்துக்கொள்கிறது; வேர் அந்தப் பிடியை மீறித்தான் நீரைக் குடிக்க வேண்டும். தக்காளித் திசு தன் புறச்சுவர்களில் உள்ள இன்வர்டேஸ் என்னும் நொதியால் சுக்ரோஸைக் குளுக்கோஸும் ஃபிரக்டோஸுமாகப் பிரிக்கும்போது, ஒரு துகள் இரண்டு துகளாவதால், அந்தப் பிடி இரட்டிப்பை நோக்கிச் செல்கிறது. சர்க்கரையைக் கூட்டிக்கொண்டே போனால் ஒரு நிலைக்கு மேல் கன்று வளராமல் குறுகுவதற்குப் பெரும்பாலும் இதுவே காரணம். உணவு மிகுந்து தாகத்தால் வாடும் நிலை அது.

கொதிகலனிலும் ஒரு கேடு நிகழ்கிறது. கிருமி நீக்கத்திற்காக 121 பாகை உஷ்ணத்தில், சதுர அங்குலத்திற்கு 15 பவுண்டு அழுத்தத்தில், 15 முதல் 20 நிமிஷம் ஆட்டோகிளேவில் வைக்கும்போது, அமிலம் கலந்த அந்தத் திரவத்தில் சுக்ரோஸின் ஒரு பகுதி பிரிந்துபோகிறது. நேரம் நீண்டால் ஃபிரக்டோஸ் சிதைந்து திசுவின் வளர்ச்சியைத் தடுக்கும் பொருள்கள் உண்டாகின்றன. நான் ஆராய்ச்சி மாணவனாயிருந்த காலத்தில், நான் பணியாற்றிய கூடத்தில் கொதிகலனின் அழுத்தமானி பழுதுபட்டிருந்தது எவருக்கும் தெரியாது. ஊடகம் தேநீர் நிறத்தில் வெளிவந்தது. ஊடகத்தை உறையவைக்கும் அகார் பழையதாயிருக்கும் என்று சமாதானம் செய்துகொண்டு, தக்காளியின் வித்திலைத் துண்டுகளை அதன்மேல் வைத்தோம். குருத்துகள் மஞ்சளித்துக் குன்றின, வேர் தலைகாட்டவில்லை. ஹார்மோனைக் கூட்டினோம், குறைத்தோம், புதிதாக வாங்கினோம். இரண்டு மாதங்கள் கழிந்தன. ஒருநாள் வேறொரு காரியத்திற்காக வந்த வயதான ஊழியர் ஒருவர் குடுவையை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு, "சார், பாகு முறுகிப்போன வாடை அடிக்குதே" என்றார். அதிரசத்துக்குப் பாகு காய்ச்சிப் பழகியவர்களுக்குத் தெரிந்த பதம், தராசும் நுண்நோக்கியும் வைத்திருந்த எங்களுக்குத் தெரியவில்லை. அன்று முதல் சர்க்கரைப் புட்டியின் மேல் எனக்கு ஒரு மரியாதை உண்டாயிற்று.

ஆகாரம், பாரம் என்ற இரண்டையும் கூறினேன், மூன்றாவது, செய்தி. உயிரணுவுக்குள் குளுக்கோஸ் புகுந்ததும் அதை முதலில் கைப்பற்றும் நொதி ஹெக்ஸோகைனேஸ். இந்த நொதி குளுக்கோஸைச் சிதைவுக்கு அனுப்பும் வாயிற்காவலனாக மாத்திரமன்றி, சர்க்கரை எவ்வளவு வந்திருக்கிறது என்பதை உள்ளே அறிவிக்கும் தூதனாகவும் வேலை செய்கிறது என்பது சென்ற நூற்றாண்டின் இறுதியில் புலனாயிற்று. 1999இல் இஸ்ரவேல் நாட்டு ஆராய்ச்சியாளர்கள், அரபிடாப்சிஸ் என்னும் கடுகினப் பூண்டின் ஹெக்ஸோகைனேஸ் மரபணுவைத் தக்காளியில் புகுத்தி, அந்நொதியை மிகுதியாக உண்டாக்கச் செய்தார்கள். அதிகச் சர்க்கரையைக் கையாளும் ஆற்றல் பெற்ற செடி அதிகம் வளரும் என்று எதிர்பார்த்தால், நடந்தது நேர்மாறானது: வளர்ச்சி குன்றிற்று, பச்சையம் குறைந்தது, ஒளிச்சேர்க்கை தளர்ந்தது, இலைகள் அகாலத்தில் மூப்படைந்தன. 2003இல் பாஸ்டன் நகரில் ஜென் ஷீன் அம்மையாரின் குழுவினர் அரபிடாப்சிஸில் இதை ஐயமறத் தெளிவாக்கினார்கள். குளுக்கோஸை மாற்றும் சக்தி அழிக்கப்பட்ட ஹெக்ஸோகைனேஸும் செய்தியை அனுப்பத் தவறவில்லை. அதாவது, உண்ணாமலே அளவை மட்டும் கணித்துச் சொல்லும் வேலை ஒன்று அந்தப் புரதத்திடம் தனியாக இருக்கிறது.

அந்தச் செய்தியின் சாரம் என்ன? சர்க்கரை நிரம்பியிருக்கிறது, இனி ஒளிச்சேர்க்கைக்கான ஏற்பாடுகளைச் சுருக்கலாம் என்பது. வயலில் நிற்கும் செடிக்கு இது விவேகமான கட்டளை. கண்ணாடிக் குப்பிக்குள் இருக்கும் கன்றுக்கோ, அந்தச் சர்க்கரை தன் இலையிலிருந்து வந்ததா, அகாரிலிருந்து வந்ததா என்று பிரித்தறிய வழியில்லை. அகாரின் சர்க்கரையை வேராலும் வெட்டுவாயாலும் உறிஞ்சிக்கொண்டு, தன் இலைகளின் ஆற்றலை அது சுருக்கிக்கொள்ளத் தலைப்படுகிறது; இலைகளில் மாவுப்பொருள் திரள்கிறது. கண்ணுக்கு அந்தக் கன்று கொழுகொழுவென்றுதான் தோன்றும்.

ஜப்பானில் சிபா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டோயோகி கோசாய் இந்த இடத்தில் ஒரு நேரான கேள்வியைக் கேட்டார். குப்பியிலுள்ள கன்று உண்மையாகவே ஒளிச்சேர்க்கை செய்ய இயலாததா, அல்லது நாம் அதைச் செய்ய விடவில்லையா? அவர் குப்பிக்குள் இருந்த காற்றை அளந்தார். விளக்கு எரியத் தொடங்கிய சில மணி நேரத்திற்குள், இறுக மூடிய குப்பியின் கரியமில வாயு வெளிக்காற்றில் இருப்பதைவிட மிகவும் குறைந்துபோயிருந்தது. இலை தன் வேலையைச் செய்யத் தயாராயிருக்கிறது. வேலைக்கு வேண்டிய சரக்கு தீர்ந்துவிடுகிறது. சரக்கு வரும் வழியை நாமே மூடிவிட்டோம். காற்றுப் புகும் வடிகட்டியை மூடியில் வைத்து, கரியமில வாயுவையும் ஒளியையும் போதிய அளவு கொடுத்தால், பல செடிகளின் கன்றுகள் சர்க்கரையே இல்லாத ஊடகத்தில் செழித்து வளர்வதை அவரும் அவர் வழிவந்தோரும் காட்டினார்கள். சர்க்கரை இல்லாத இடத்தில் பூஞ்சையும் பாக்டீரியமும் கொண்டாட்டம் போட முடியாது என்பது கூடுதல் லாபம். மூடியை இறுக்கியே வைக்க வேண்டியிருந்ததற்கு ஒரு காரணம் அந்தச் சர்க்கரையின் மேல் வந்து விழும் பூஞ்சைதான் என்பதை நினைத்துப் பாருங்கள். சர்க்கரைக்காகக் காற்றை அடைத்தோம், காற்று அடைபட்டதால் சர்க்கரை தேவைப்பட்டது.

இதன் விளைவைக் காண வேண்டிய இடம் பக்குவப்படுத்தும் கூடாரம். குப்பியிலிருந்து மண்ணுக்கு மாற்றிய தக்காளிக் கன்றுகள் முதல் நாலைந்து நாட்களில் துவண்டு விழுவதை அனுபவசாலிகள் அறிவார்கள். ஈரக் காற்றில் வளர்ந்த இலையில் மெழுகுப் பூச்சு மெல்லியது, இலைத்துளைகள் சரியாக மூடத் தெரியாதவை. இவை பிரதான காரணங்கள். இவற்றோடு, அதுவரை ஊட்டப்பட்ட சர்க்கரை திடீரென்று நின்றுபோன நிலையில், தானே ஆக்கிக்கொள்ளப் பழகாத இலையின் திகைப்பும் சேர்ந்துகொள்கிறது. ஆனால் இங்கே எச்சரிக்கையும் வேண்டும். இலையில் முன்கூட்டிச் சேர்ந்த சர்க்கரையும் மாவும் அந்த நெருக்கடி நாட்களில் கன்றுக்குக் கைப்பொருளாக உதவுவதும் உண்டு. மங்கிய விளக்கும் மூடிய குப்பியுமாக வளர்க்கும் இடத்தில் சர்க்கரையை அடியோடு நிறுத்தினால் கன்று வேர்விடாமலே மடிந்துபோகும். சர்க்கரை நல்லதா கெட்டதா என்ற கேள்வியே பிழையானது. எவ்வளவு ஒளியில், எந்தக் காற்றில், எந்தப் பருவத்தில், எந்த உறுப்புக்கு என்று கேட்டால்தான் தக்காளி விடை சொல்கிறது.

நம் நாட்டுக் கூடங்களுக்கு இது ஏட்டு விவகாரமும் அன்று. ஆராய்ச்சிக்கென்று விற்கப்படும் தூய சுக்ரோஸின் இடத்தில் கடைச் சர்க்கரையை உபயோகித்துச் செலவைக் குறைக்கும் பழக்கம் பல இடங்களில் இருக்கிறது. அகாருக்குப் பதிலாக இசப்கோல் உமியைப் பயன்படுத்தலாம் என்று டெல்லிப் பல்கலைக்கழகத்தார் கண்டதும் இத்தகைய சிக்கனத்தின் பாற்பட்டதே. கடைச் சர்க்கரையை நான் குறை கூறவில்லை. தக்காளிக் குருத்துகள் அதில் நன்றாகவே வளர்வதை என் கண்ணாலே கண்டிருக்கிறேன். ஆயினும் அதன் தூய்மை மூட்டைக்கு மூட்டை மாறக்கூடும்; ஆகவே ஒரு பரிசோதனை முழுவதற்கும் ஒரே மூட்டையை உபயோகிப்பது அவசியம்.

இங்கே அமர்ந்திருக்கும் மாணவர்களிடம் ஒரு வேண்டுகோளை வைத்து அமர்கிறேன். அடுத்த முறை தக்காளிக் குருத்துகளை வேர்விடச் செய்யும்போது, 30 கிராம் இட்ட குப்பிகளின் பக்கத்தில், சர்க்கரையே இல்லாதவை, 10 கிராம் இட்டவை, 20 கிராம் இட்டவை என்று சில குப்பிகளையும் வையுங்கள். 10 கிராம் சர்க்கரையோடு, செடி உணவாகக் கொள்ளாத மானிட்டாலை 30 கிராமின் நீர்ப்பிடிக்குச் சமமாகுமளவு சேர்த்து மற்றொரு வரிசையும் வையுங்கள். பாரத்தையும் ஆகாரத்தையும் பிரித்தறிய அதைவிட நல்ல வழி இல்லை. ஒவ்வோர் அளவிலும் பாதிக் குப்பிகளுக்குக் காற்றுப் புகும் மூடி, மீதிக்கு இறுகிய மூடி. பதினான்காம் நாள் வேர்களை எண்ணி, நீளத்தை அளந்து, இலையின் நிறத்தைக் குறித்துக்கொள்ளுங்கள்; பிறகு எல்லாவற்றையும் மண்ணுக்கு மாற்றி, இன்னும் பதினான்கு நாள் பொறுத்து, பிழைத்தவற்றை எண்ணுங்கள். குப்பியில் முதலிடம் பெற்ற வரிசையும் மண்ணில் முதலிடம் பெற்ற வரிசையும் ஒன்றாக இருந்தால் எனக்கு எழுதுங்கள். வேறாக இருந்தால் அவசியம் எழுதுங்கள்.